அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கட்டும்: பாண்டா வளர்க்கும் உயிரியல் பூங்கா நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பாண்டாக்களை வைத்துப் பராமரிக்கும் உயிரியல் பூங்காக்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. உங்கள் வாசலில் எனக்கு முன்னால் நின்ற குடும்பம், பின்னால் நின்ற இரண்டு பையன்கள், கழிப்பறை எங்கே என்று என்னிடம் வந்து கேட்ட பெரியவர், எல்லோரும் தமிழில்தான் பேசினார்கள். அவர்கள் படித்தாலே பாதிக் காரியம் முடிந்தது. மீதிப் பாதியை யாராவது மொழிபெயர்த்து உங்கள் காதில் போடட்டும்.

எந்த நாடு, எந்தப் பூங்கா என்று சொல்லப்போவதில்லை. ஒருவரை மட்டும் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. நான் சொல்ல வருவது உங்களில் பலருக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

முதல் நாள் ஒரு மணி பத்து நிமிடம் வரிசையில் நின்றோம், நானும் அம்மாவும். அம்மாவுக்கு முழங்கால் வலி. கண்ணாடித் தடுப்பு கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்ததும், "என்னால முடியல, நீ போய்ப் பார்த்துட்டு வா" என்று சொல்லி வரிசையை விட்டு விலகிவிட்டாள். நான் போனேன். கண்ணாடிக்கு முன்னால் எனக்குக் கிடைத்தது மூன்று நிமிடம்கூட இருக்காது.

அன்று பாண்டா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. அகன்ற வெள்ளை முதுகு, தோளைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, இரண்டு கறுப்புக் காதுகள். அவ்வளவுதான் தெரிந்தது. கூட்டத்துக்கு அது போதவில்லை. திரும்பச் சொல்லிப் பல மொழிகளில் குரல் எழுந்தது. ஒருவர் சாவியால் கண்ணாடியைத் தட்டினார். தகப்பன் தோளில் இருந்த குழந்தை ஒன்று வீலென்று கத்த, அவர் பெருமையாகச் சிரித்தார். உங்கள் ஊழியர் யாரையும் தடுக்கவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை வேறு. உள்ளங்கையால் காற்றைத் தள்ளித் தள்ளி எங்களை நகர்த்திக்கொண்டே இருந்தார். வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால் ஒன்பது படம். அதில் ஏழில் இருந்தது அடுத்தவர்களின் கைப்பேசி.

அம்மா உட்கார்ந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இருக்கை இல்லை. பெரிய செடித்தொட்டி ஒன்றின் சிமெண்டு விளிம்பு. அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியின் கடைசி ஓரம் சாய்வாகத் தெரியும். எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிய பாண்டாவின் கை, வாய், வயிறு எல்லாம் அவளுக்கு நேரே இருந்தன. நான் வரிசையில் ஊர்ந்து போய்த் திரும்பி வரும்வரை முக்கால் மணி நேரம் அவள் அதையே பார்த்திருக்கிறாள்.

"அதுக்கு ஆறு விரல் இருக்கு, பார்த்தியா?" என்றாள் நான் வந்ததும்.

இல்லை என்றேன்.

"அப்ப நீ என்னத்தைப் பார்த்துட்டு வந்தே?"

நியாயமான கேள்விதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த ஒன்றரை மணி நேரம் நாங்கள் இருவரும் அந்த விளிம்பை விட்டு எழவில்லை. பாண்டாவை நான் பார்த்தது அப்போதுதான்.

அம்மா சொன்னது கிட்டத்தட்டச் சரி. பாண்டாவின் முன்னங்கையில் ஐந்து விரல்கள் உண்டு. அதற்கு மேல், மணிக்கட்டில் இருக்கிற ஒரு சின்ன எலும்பு பெருத்துப் புடைத்துக் கட்டைவிரல் மாதிரி நிற்கிறது. அது நிஜ விரல் இல்லை, ஆனால் விரலின் வேலையைச் செய்கிறது. மூங்கில் தண்டை அதற்கும் மற்ற ஐந்துக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது பாண்டா. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழைய புதைபடிவம் ஒன்றில் இதே எலும்பு ஏற்கெனவே பெருத்திருந்ததை ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டார்கள். அத்தனை காலத்தில் அது ஏன் இன்னும் நீண்டு முழு விரலாக ஆகவில்லை என்பதற்கும் அவர்கள் ஒரு விளக்கம் தருகிறார்கள்: அதே கையை ஊன்றித்தான் நடக்கவும் வேண்டும். பிடிக்க வசதியாக நீண்டால் நடக்கும்போது மிதிபடும்.

இதைப் படித்தது அன்று இரவு. பார்த்தது பகலில், செடித்தொட்டியின் விளிம்பிலிருந்து. தண்டை எடுத்ததும் முதலில் மோந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் அப்படியே கீழே போட்டுவிடும். பிடித்ததைக் கடைவாய்ப் பக்கம் கொண்டுபோய்ப் பச்சைத் தோலைச் சரசரவென்று உரித்து எறியும். வயிற்றின் மேல் தோல் குவியும். இலையாக இருந்தால் வேறு முறை. கிளையை வாயின் ஓரமாக இழுத்து இலைகளை மட்டும் பல்லில் சேர்த்துக்கொண்டே வரும். ஒரு கொத்து சேர்ந்ததும் அதைக் கையில் எடுத்து, சுருட்டைப் பிடிப்பதுபோல் பிடித்து, துண்டு துண்டாகக் கடிக்கும். இவ்வளவு முறையாகச் சாப்பிடுகிற பிராணியை நான் பார்த்ததில்லை. மனிதர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதைப் பார்க்க மூன்று நிமிடம் போதாது. பாண்டாவைப் பார்ப்பது என்றாலே பெரும்பாலும் அது சாப்பிடுவதைப் பார்ப்பதுதான். நாளில் பத்து முதல் பதினான்கு மணி நேரம் அது தின்றுகொண்டிருக்கிறது. மீதி நேரத்தில் பெரும்பகுதி தூங்குகிறது. வேறு வித்தை எதையும் அது காட்டப்போவதில்லை. ஆனால் உங்கள் வரிசையின் அமைப்பு எங்களிடம் வேறு எதையோ வாக்குறுதி கொடுக்கிறது. மணிக்கணக்கில் நிற்கவைத்து நிமிடக்கணக்கில் காட்டினால், அந்த நிமிடத்துக்குள் ஏதாவது நடந்தே ஆக வேண்டும் என்று மனம் கேட்காதா? நடக்காவிட்டால் கண்ணாடியைத் தட்டுகிறது. சாவியால் தட்டிய மனிதர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவரை அப்படி ஆக்கியது அந்த வரிசை.

வரிசையின் கடைசியில் ஒரு பலகை. சிரிக்கிற பாண்டா படம், அதன் கீழே "எங்கள் செல்லச் சோம்பேறி" என்ற பொருளில் ஒரு வாசகம். எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான்.

பாண்டா சோம்பேறி இல்லை. கரடிக் குடும்பத்தில் பிறந்து, இறைச்சி தின்பதற்கான குடலை வைத்துக்கொண்டு, மூங்கிலைத் தின்று பிழைக்கிற பிராணி அது. மாட்டுக்கு இருப்பதுபோல் அசைபோடும் வயிறு அதற்குக் கிடையாது. உள்ளே போகிற மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை. அதனால்தான் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோவிலிருந்து முப்பத்தெட்டு கிலோ வரை தின்ன வேண்டியிருக்கிறது. தின்றதில் பெரும்பகுதி பச்சை நிற உருண்டையாக வெளியே வந்துவிடுகிறது. (உட்கார்ந்த இடத்திலேயே அது கழித்ததை அம்மா ரசித்துப் பார்த்தாள். பின்னால் நின்ற குழந்தைகளும்தான். கூச்சப்பட்டது நான் ஒருத்திதான்.) 2015-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்றில் பாண்டாக்கள் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலை அளந்தார்கள். அந்த எடையுள்ள பாலூட்டி ஒன்றிடம் எதிர்பார்ப்பதில் ஏறக்குறைய 38 விழுக்காடுதான் செலவாகிறது. தைராய்டு சுரப்பு மிகக் குறைவு, சில உள்ளுறுப்புகளும் சிறியவை. வரவு சிறுத்துப்போன வீட்டில் செலவைச் சுருக்கிக் குடும்பம் நடத்துவது போன்ற உடம்பு அது. கிடைக்கிற மூங்கிலில் குளிர்காலத் தூக்கத்துக்குத் தேவையான கொழுப்பைச் சேர்க்க முடியாது. அதனால் மற்றக் கரடிகள் சில செய்வதுபோல் மாதக்கணக்கில் உறங்கவும் அதற்கு வழியில்லை. பனிக்காலத்திலும் எழுந்து தின்றாக வேண்டும்.

இவ்வளவு கணக்காக வாழ்கிற ஒன்றைச் சோம்பேறி என்று எழுதிவைத்துவிட்டு, அது தூங்கும்போது நாங்கள் ஏமாந்துபோகிறோம் என்று வருத்தப்படுகிறீர்கள். அந்தப் பலகையில் குடலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தால், தூங்குகிற பாண்டாவை நாங்கள் வேறு மாதிரி பார்த்திருப்போம்.

மறுநாளும் போனோம். அம்மாவின் பிடிவாதம். காலையில் கதவு திறந்தவுடன் போனால் கூட்டம் இருக்காது என்று அவள் கணக்கு. கணக்கு சரிதான். அன்று பாண்டா நடந்துகொண்டிருந்தது.

சுவரை ஒட்டி ஒரு தடம். உள்ளறைக் கதவிலிருந்து கிளம்பி, ஒரு மரக்கட்டை வரை வந்து, அங்கே தலையை மேலே தூக்கிச் சுழற்றி, திரும்பக் கதவுக்குப் போகும். மறுபடியும் கட்டை, அதே இடத்தில் அதே தலைச் சுழற்சி, மறுபடியும் கதவு. காலடி விழுந்த இடமெல்லாம் புல் தேய்ந்து மண் தெரிந்தது. எங்களுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கொண்டாட்டம். "இன்னிக்கு நல்ல சுறுசுறுப்பா இருக்கு, நமக்கு அதிர்ஷ்டம்" என்று ஒரு பெண் சொன்னார். ஒவ்வொரு முறை கண்ணாடிப் பக்கம் வரும்போதும் கைதட்டல். அம்மா மெதுவாக எண்ண ஆரம்பித்தாள். இருபத்தேழில் நிறுத்திவிட்டு, "எனக்கு இது பிடிக்கல" என்றாள்.

பராமரிப்பாளர் சீருடையில் ஓர் இளம்பெண் வந்தார். கேட்டேன். மறைக்காமல் சொன்னார். உள்ளே உணவு வைத்திருப்பது அதற்குத் தெரியும், கதவு திறக்கட்டும் என்று காத்திருக்கிறது, சில நாள் அரைமணி நேரம்கூட இப்படி நடக்கும், குறைக்கத்தான் முயன்றுகொண்டிருக்கிறோம் என்றார். உணவை ஒளித்துவைப்பது, வைக்கிற நேரத்தை மாற்றிக்கொண்டே இருப்பது, புதிய வாசனைகளைத் தடவிவைப்பது, நோண்டி எடுக்கிற மாதிரி மூங்கில் குழாய்க்குள் தீனியைத் திணிப்பது. அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது இதைச் சொல்லும்போதுதான். இதையெல்லாம் பலகையில் எழுதலாமே என்றேன். "அதை முடிவு செய்வது நான் இல்லை" என்றார்.

நிர்வாகிகளே, முடிவு செய்வது நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரே தடத்தில், ஒரே மாதிரி, எந்தப் பயனும் தெரியாமல் திரும்பத் திரும்ப நடப்பது அடைப்பில் வாழும் பல விலங்குகளிடம் பார்க்கப்படுவது. கரடிகளிடம் அதிகம், பாண்டாக்களும் விலக்கல்ல. அப்படி நடக்கிற ஒவ்வொரு விலங்கும் அந்த நேரத்தில் துன்பப்படுகிறது என்று சொல்லிவிட முடியாது. எப்போதோ ஒரு மோசமான இடத்தில் தொடங்கிய பழக்கம், இடம் மாறிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இதெல்லாம் உங்கள் மருத்துவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அதைப் பார்த்து நாங்கள் கைதட்டும்போது உங்கள் ஆட்கள் பக்கத்தில் நின்று புன்னகைத்தால், அது எங்களிடம் பொய் சொன்னதற்குச் சமம். பாண்டா அமைதியாக உட்கார்ந்து தின்றால் ஏமாற்றம், தடம் தேய நடந்தால் அதிர்ஷ்டம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். தலைகீழாகக் கற்றுக்கொண்டு போகிறோம்.

சத்தத்தைப் பற்றி. சான் டியேகோ உயிரியல் பூங்காவில் பாண்டாக்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. சுற்றுப்புறச் சத்தம் கூடிய நாட்களில் அவற்றின் நடத்தையையும், சிறுநீரில் மன உளைச்சல் காட்டும் சுரப்புகளையும் பதிவு செய்தார்கள். உரத்த சத்தத்துக்கு இரண்டுமே அசைந்தன. இது உங்கள் துறையே செய்த ஆய்வு, உங்கள் துறை இதழில் வந்தது. ஆகவே "கண்ணாடி தடிமன், அதற்குக் கேட்காது" என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். தட்டினால் அதிரும்.

ஹாங்காங் ஓஷன் பார்க்கில் நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். யிங் யிங், லே லே என்ற இணை 2007-இல் அங்கே வந்தது. 2010 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் சேர்த்துப் பார்த்தார்கள், இயற்கையாகக் கூடவில்லை. கொரோனாவால் பூங்கா மூடிக் கிடந்த 2020 ஏப்ரலில் முதல் முறையாகக் கூடின. ஆள் நடமாட்டம் இல்லாததுதான் காரணம் என்று உலகமே பேசியது. எனக்கும் அப்படிப் பேச ஆசைதான். ஆனால் அதை யாரும் நிரூபிக்கவில்லை. அந்த ஆண்டு குட்டியும் பிறக்கவில்லை. 2024 ஆகஸ்டில் யிங் யிங் இரட்டைக் குட்டிகளை ஈன்றபோது பூங்கா திறந்துதான் இருந்தது. பெண் பாண்டா கருத்தரிக்கும் நிலையில் இருப்பது ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஒன்றிலிருந்து மூன்று நாள். இவ்வளவு குறுகிய வாசலில் எது உதவியது, எது தடுத்தது என்று வெளியாள் தீர்ப்பு சொல்வது சரியில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கதையைக் கேட்ட அனைவருக்கும் உடனே நம்பத் தோன்றியதே, ஏன்? நாங்கள் எவ்வளவு கத்துகிறோம் என்று எங்களுக்கே தெரியும் என்பதால்தானே?

அடுத்தது, கொஞ்சம் சங்கடமான விஷயம். பலகைகளில் எங்கும் "எங்கள் பாண்டா" என்று இருக்கிறது. உங்களுடையது இல்லையே.

1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போய் வந்ததை ஒட்டி லிங் லிங், ஷிங் ஷிங் என்ற இரண்டு பாண்டாக்கள் வாஷிங்டனுக்குப் பரிசாகப் போயின. பதிலுக்கு அமெரிக்கா இரண்டு கஸ்தூரி எருதுகளை அனுப்பியது. அந்த எருதுகளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. அதே ஆண்டு டோக்கியோவின் உயேனோ பூங்காவுக்கும் ஓர் இணை போனது. அந்தப் பரிசுக் காலம் எண்பதுகளில் முடிந்துவிட்டது. இப்போது வெளிநாடுகளுக்குப் போவது ஏறக்குறைய எல்லாமே இரவல். பெரும்பாலும் பத்தாண்டு ஒப்பந்தம், ஓர் இணைக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை கட்டணம். இரவல் போன நாட்டில் குட்டி பிறந்தாலும் அதன் உரிமை சீனாவுக்கே, சில ஆண்டுகளில் அனுப்பிவைக்க வேண்டும்.

தென்கொரியாவில் 2020 ஜூலையில் பிறந்த ஃபூ பாவோ என்ற பாண்டா 2024 ஏப்ரலில் சீனாவுக்குக் கிளம்பியபோது, மழையில் ஆயிரக்கணக்கானவர்கள் சாலையோரம் நின்று அழுதார்கள். அந்தக் கண்ணீரை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அது போகப்போகிறது என்பது பிறந்த அன்றே எழுதப்பட்ட ஒன்று. பின்லாந்துக்கு 2018-இல் வந்த இணையைப் பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகாமல் 2024-லேயே திருப்பி அனுப்பினார்கள், ஒப்பந்தக் காலத்தில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்போதே. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்கள் பெரியவர்கள், எங்களுக்குக் கணக்கு புரியும். நாங்கள் வாங்கும் நுழைவுச்சீட்டில் எவ்வளவு காட்டுக்குப் போகிறது, அங்கே என்ன செய்யப்படுகிறது என்று அந்தப் பலகையில் எழுதுங்கள். பொம்மைக் கடை இருக்குமிடம் காட்டும் அம்புக்குறி மட்டும் எல்லா முனையிலும் இருந்தது.

காட்டைப் பற்றி எழுதச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 2011 முதல் 2014 வரை சீனா நடத்திய நான்காவது கணக்கெடுப்பில் காட்டுப் பாண்டாக்கள் 1,864. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 1,596. ஏறியிருப்பதால்தான் 2016-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை ஆபத்து நிலையிலிருந்து ஒரு படி இறக்கியது. நல்ல செய்தி, மகிழலாம். ஆனால் அந்த ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சமும் ஒரே காட்டில் இல்லை. சாலைகளாலும் ஊர்களாலும் முப்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரிந்து கிடக்கின்றன. சில துண்டுகளில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். மூங்கில் பல்லாண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்துச் சாகும் தாவரம். எழுபதுகளின் நடுவில் மின்ஷான் மலைகளில் அப்படிப் பூத்தபோது 138 பாண்டாக்களாவது பட்டினியில் செத்தன. பழைய காலமாக இருந்தால் அடுத்த மலைக்குப் போயிருக்கும். துண்டு பட்ட காட்டில் அடுத்த மலை எங்கே இருக்கிறது?

உங்கள் பாண்டா வீட்டிலிருந்து இருபதடி தூரத்தில் செம்பாண்டா ஒன்று மரக்கிளையில் படுத்திருந்தது. அதன் முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. பாண்டா என்ற பெயரை முதலில் சுமந்தது அதுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1825-இல் அது அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. கறுப்பு வெள்ளைக்காரர் 1869-இல்தான் வந்தார், அர்மாண்ட் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சிச்சுவானிலிருந்து அனுப்பிய தோலாக. டேவிட் அதைக் கரடி என்றுதான் எழுதினார். பாரிசில் இருந்த அறிஞர்கள் எலும்பையும் பல்லையும் பார்த்துவிட்டுச் செம்பாண்டாவின் சொந்தம் என்றார்கள். நூறாண்டுக்கு மேல் நடந்த அந்த வழக்கு எண்பதுகளில் மரபணு ஒப்பீட்டால் முடிந்தது. பாதிரியார் சொன்னதே சரி. ஆக, பெயரையும் கூட்டத்தையும் இழந்து கிளையில் படுத்திருக்கிற அந்தச் சிவப்பு பிராணி இன்றைக்கு ஆபத்துப் பட்டியலில் பெரிய பாண்டாவைவிட ஒரு படி மோசமான இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு வரிகூட இல்லை. பாண்டாவுக்காகக் காப்பாற்றிய காடுகளிலேயே சிறுத்தை, பனிச்சிறுத்தை, ஓநாய், செந்நாய் ஆகியவை பெருமளவு குறைந்துவிட்டதாக 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒன்றின் மேல் விழுகிற வெளிச்சம் தானாகவே மற்றதன் மேலும் விழும் என்று சொல்லிக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

குட்டிகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அது எல்லோரும் எழுதுவது. ஒன்று மட்டும். பிறக்கும்போது குட்டி சுமார் நூறு கிராம். தாயின் எடையில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. முதல் சில நாட்கள் தாய் தின்னவும் குடிக்கவும்கூட வெளியே வராமல் குட்டியை நெஞ்சோடு வைத்திருப்பாள். தின்பதே முழுநேர வேலையாக இருக்கிற பிராணி அப்படிக் கிடக்கிறது. இரட்டை பிறந்தால் காட்டில் பெரும்பாலும் ஒன்றைத்தான் வளர்க்கும். பராமரிப்பாளர்கள் ஒன்றைத் தாயிடமும் ஒன்றைக் கதகதப்புப் பெட்டியிலும் வைத்து, மாற்றி மாற்றிக் கொடுத்து இரண்டையும் பிழைக்கவைக்கக் கற்றுக்கொண்டார்கள். இந்த உழைப்புக்கு என் வணக்கம். ஆனால் "குட்டி எப்போது வரும்?" என்று கேட்டு வாசலில் எண்ணிக்கைப் பலகை வைக்காதீர்கள். பெண் பாண்டாவுக்குப் பொய்க் கர்ப்பமும் உண்டு, உண்மைக் கர்ப்பத்தின் அடையாளங்கள் அத்தனையோடும். கடைசிவரை மருத்துவருக்கே தெரியாததற்குக் கூட்டம் ஏன் நாள் எண்ண வேண்டும்?

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உட்கார இடம் வேண்டும். முதியவர்களுக்கு மட்டும் இல்லை, பார்க்க விரும்புகிற எல்லோருக்கும். கூட்டம் அதிகம், எல்லோருக்கும் அரைமணி நேரம் தர முடியாது என்பீர்கள். சரி, நாளில் ஒரு மணி நேரமாவது சீட்டுப்போட்டுக் கொஞ்சம் பேரை உள்ளே விடுங்கள், பேசாமல் உட்கார்ந்து பார்க்க. நான் முண்டியடித்து முன்னால் நின்று பத்து முறை பார்ப்பதைவிட அப்படி ஒரே முறை பார்ப்பேன். கண்ணாடியைத் தட்டுகிறவரை நகர்த்துவதற்கு முன்னால் நிறுத்துங்கள். சீனாவின் செங்டுவில் பாண்டாக்கள்மேல் பொருட்களை எறிந்தவர்களுக்கு ஆயுள் முழுவதும் உள்ளே வரத் தடை விதித்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், அந்த ஊழியரின் கையில் ஒரு "சத்தம் போடாதீர்" அட்டை கொடுத்தால் போதும். அந்த இளம்பெண் எனக்குச் சொன்னதை ஒலிபெருக்கி இல்லாமல், பத்துப் பேருக்கு ஒருமுறை அவரே சொல்ல விடுங்கள்.

இன்னொன்று, இதுதான் உங்களுக்குக் கஷ்டமானது. பாண்டா எங்கள் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுங்கள். காட்டில் அது தனியாக வாழ்கிற பிராணி. ஆணும் பெண்ணும்கூடக் கூடுகிற சில நாள் தவிரச் சேர்ந்திருப்பதில்லை. அதனால்தான் அடைப்புகளைத் தனித்தனியாகக் கட்டுகிறீர்கள். சக பாண்டாவிடமிருந்தே விலகி இருக்க விரும்புவதற்கு, நாள் முழுக்க ஆயிரம் முகங்களைப் பார்க்காமல் இருக்கும் உரிமை இல்லையா? வந்த அன்று அடைப்பு காலியாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். "இப்போது அது உங்களைப் பார்க்க விரும்பவில்லை" என்று எழுதிவையுங்கள். நான் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டேன். கேட்கிறவர்களும் இருப்பார்கள்தான். 2024-இல் சீனாவில் ஒரு பூங்கா சௌ சௌ நாய்களுக்குக் கறுப்பு வெள்ளைச் சாயம் பூசி நிறுத்தியது, அதையும் வரிசையில் நின்று பார்த்தார்கள். எப்படியாவது ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும் என்று கிளம்பினால் போய்ச் சேருகிற இடம் அது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். இரண்டாம் நாள் நாங்கள் கிளம்பும்போது, முதல் நாள் அம்மா உட்கார்ந்திருந்த செடித்தொட்டி விளிம்பில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "இங்கே உட்காராதீர்." முதல் நாள் அது இல்லை. எங்களைப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினார்களோ என்னவோ. அம்மா அதைப் படித்துக் காட்டச் சொன்னாள், சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அங்கே நாலு பேர் உட்கார ஒரு பெஞ்சு போடுங்கள். பாண்டாவின் கை தெரிவது அந்த இடத்திலிருந்துதான்.

இப்படிக்கு,
ஒன்பது படம் எடுத்து ஏழு படத்தை அழித்த ஒருத்தி